ராஜ்மகால் மலையடிவாரத்தில்: மருத்துவக் குழுவோடு ஒரு பயணம்

செவ்வாய், பாளையங்கோட்டை

இன்று இரவு நெல்லை எக்ஸ்பிரஸ். சென்னையில் ஒரு நாள் தங்கிவிட்டு, அங்கிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பிடித்து, ஹௌரா வழியாக ஜார்கண்டின் சாஹிப்கஞ்ச் மாவட்டத்துக்குப் போகிறோம். ராஜ்மகால் மலையடிவாரத்தில் பஹாரியா, சந்தால் பழங்குடி மக்கள் நம்பி வரும் ஒரு மிஷன் மருத்துவமனைதான் எங்கள் பணித்தளம். குழுவில் ஒரு பொது மருத்துவர், ஒரு குழந்தை மருத்துவர், என்னோடு சேர்த்து மூன்று நர்ஸ்கள், ஒரு லேப் டெக்னீஷியன், ஒரு மருந்தாளுநர், கூடமாட உதவி செய்ய இரண்டு வாலிபர்கள். தினமும் முடிந்த அளவு எழுதிப் போடுகிறேன். இப்படிக் கிளம்ப நினைக்கும் மற்ற சபைகளுக்கு உதவும்.

மருத்துவ ஊழியம் என்றதும் சபையில் பலர் மனதில் வந்தது இலவச முகாம். பேனர், மேசை, நீண்ட வரிசை, மருந்து மூட்டை. எங்கள் சேகரத்து ஐயர், அதாவது சபைப் போதகர், அவசரப்படவில்லை. மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதி இரண்டே கேள்வி கேட்டார். உங்களுக்கு எது தேவை? எப்போது தேவை? வந்த பதிலை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசித்துக் காட்டினார். முகாம் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். அங்கே இருக்கும் டாக்டர் தம்பதி இருவரும் சேர்ந்தாற்போல் விடுப்பில் போக வழியில்லாமல் இருக்கிறார்கள், அந்த நாட்களில் வார்டையும் இரவு டூட்டியையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஸ்டாஃப் நர்ஸ்கள் இரண்டு பேரைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் இடத்தில் நிற்க ஆள் வேண்டும். லேபில் ஒரே ஒரு டெக்னீஷியன், அவருக்கும் ஓய்வு வேண்டும். ஜனவரியில் வாருங்கள், மழைக்காலத்தில் வேண்டாம்.

சில முகங்கள் வாடியது உண்மை. ஆனால் கேட்டதைக் கொடுப்பதுதானே உதவி.

மருந்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு வந்த வாரமே ஆலயத்துக்குப் பைகள் வர ஆரம்பித்துவிட்டன. பாதி தின்ற மாத்திரை அட்டைகள், அப்பா இறந்த பிறகு மிஞ்சிய இன்சுலின், டாக்டர்களுக்குக் கிடைக்கும் சாம்பிள் மருந்து. கொடுத்தவர்கள் மனது நல்ல மனது. ஆனாலும் எங்கள் மருந்தாளுநர் தம்பி ஒன்றையும் ஏற்கவில்லை. மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார நிறுவனம் 1996இலேயே நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. நோயாளியிடமிருந்து திரும்பி வந்த மருந்தை அனுப்பக் கூடாது, சாம்பிளும் கூடாது, போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும், பெறுகிறவர்கள் கேட்ட மருந்தாக இருக்க வேண்டும். தம்பி இதை வீடு வீடாகப் போய்ப் பொறுமையாக விளக்கினான். பைக்குப் பதில் காணிக்கையாகப் பணம் வந்தது. அதை முன்கூட்டியே மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டோம். வழக்கமாக வாங்கும் இடத்தில், அங்குள்ள நோயாளிகளுக்குப் பழகிய மருந்தையே அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். எங்கள் பெட்டியில் ஸ்வெட்டரும் கம்பளியும்தான் அதிகம்.

வியாழன், கோரமண்டலில்

ஓங்கோல் தாண்டியாயிற்று. காலையிலிருந்து இந்தி வகுப்பு நடக்கிறது. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாகக் காய்ச்சல், மூச்சை இழுத்து விடுங்கள், சாப்பிட்டீர்களா. நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துச் சொல்லிப் பார்க்கிறோம். மலை மேலே இந்தியும் எல்லாருக்கும் தெரியாதாம். அங்கே பஹாரியா மக்கள் பேசுவது மால்டோ. அதுவும் நம் திராவிடக் குடும்பத்து மொழிதான் என்று குழந்தை மருத்துவர் அக்கா சொன்னதும் வாலிபர்களுக்கு ஒரே ஆச்சரியம்.

திருநெல்வேலிக்காரர்கள் வெளியே ஊழியத்துக்குப் போவது புதிதில்லை. 1903இல் இங்கேதான் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. நம் ஊர்க் காணிக்கையில் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். மால்டோ மக்கள் நடுவே எஃப்.எம்.பி.பி. (ஃப்ரெண்ட்ஸ் மிஷனெரி பிரேயர் பேண்ட்) ஊழியர்கள் பல பத்தாண்டுகளாகக் குடும்பத்தோடு தங்கி உழைத்திருக்கிறார்கள். அவர்கள் அங்கேயே வாழ்ந்தவர்கள். நாங்கள் விருந்தாளிகள். இந்த வித்தியாசம் எங்களுக்கு மறக்கக் கூடாது என்று டாக்டர் ஐயா காலை ஜெபத்திலேயே சொல்லிவிட்டார்.

மதியம் அவர் யாழ்ப்பாணத்து சாமுவேல் கிரீன் கதையைச் சொன்னார். அமெரிக்க மிஷனெரி டாக்டர். 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர், அடுத்த வருடமே உள்ளூர்ப் பையன்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பிற்பாடு பாடத்தையே தமிழுக்கு மாற்றி, உடற்கூறு, அறுவை, பிரசவம் என்று பெரிய பெரிய மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவர் கையில் படித்து வெளியே வந்த தமிழ் டாக்டர்கள் அறுபதுக்கும் மேல். அவர் ஊர் திரும்பிய பிறகும் அவர்கள் அங்கே இருந்தார்கள். சில நாளுக்குப் போகிற நம்மால் பள்ளிக்கூடம் நடத்த முடியாதுதான். ஆனால் அங்கே நிலையாக இருப்பவர்களின் கையைப் பலப்படுத்தலாம், குறைந்தபட்சம் பலவீனப்படுத்தாமல் வரலாம்.

சனி, பர்ஹர்வா

ஹௌரா பக்கத்து ஷாலிமார் நிலையத்தில் நேற்று முற்பகல் இறங்க வேண்டியது. பனிமூட்டத்தில் ரயில் தாமதம். ஹௌராவிலிருந்து சாஹிப்கஞ்ச் லூப் லைனில் அடுத்த ரயில். ராம்பூர்ஹாட் தாண்டி பாக்குர் வந்ததும் தண்டவாளத்தின் இரு பக்கமும் கருங்கல் ஜல்லி மலை மலையாகக் குவிந்திருக்கிறது. ராஜ்மகால் மலை எரிமலைப் பாறை. அதை உடைத்து நாடு முழுக்க அனுப்புகிறார்கள். கிரஷர்களைச் சுற்றி மரங்களின் இலைகூட வெள்ளையாக இருக்கிறது. அந்தத் தூசியை நாளெல்லாம் மூக்கில் வாங்குகிறவர்களின் நுரையீரலைத்தான் வார்டில் பார்க்கப் போகிறோம்.

மருத்துவமனையில் எங்களை வரவேற்றவர் நர்சிங் சூப்பரின்டென்டென்ட். எல்லாரும் தீதி என்று கூப்பிடுகிறார்கள், நாங்களும் அப்படியே. டீ கொடுத்த கையோடு உட்காரவைத்து அரை நாள் பாடம் எடுத்தார். எல்லாவற்றையும் எழுதினால் நீளும், முக்கியமானவை மட்டும்.

எங்கள் மருத்துவக் கவுன்சில், நர்சிங் கவுன்சில் பதிவு நகல்களை முன்பே வாங்கி, நாங்கள் வருவதை மாவட்டச் சுகாதாரத் தலைமை அதிகாரியான சிவில் சர்ஜன் அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்கிறார்கள். ஊரில் எந்த வேலையைச் செய்ய எங்களுக்குத் தகுதி இருக்கிறதோ அதை மட்டும்தான் இங்கேயும் செய்ய வேண்டும். வாலிபர்கள் ஊசியைத் தொடக் கூடாது, தையல் போடக் கற்றுக்கொள்கிறேன் என்று யாரும் வரக் கூடாது. "ஏழை உடம்பு பழகிப் பார்க்கும் உடம்பு இல்லை" என்றார் தீதி. சொந்தப் பையிலிருந்து மருந்து, மிட்டாய், பணம் எதுவும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. நோயாளியின் முகம் தெரிகிற மாதிரி போட்டோ எடுக்கக் கூடாது, குழந்தைகளை எடுக்கவே கூடாது. இந்தப் பதிவுகளில் நான் படம் போடாததும், கிராமத்தின் பெயர் சொல்லாததும் அதனால்தான்.

அடுத்து ஜெபம். ஜார்கண்டில் 2017 முதல் மதச் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. வற்புறுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றினால் சிறை. இலவச சிகிச்சையையும் ஜெபத்தையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தால் அது ஆசை காட்டுவதாகவே பார்க்கப்படும். நாம் ஊர் திரும்பிவிடுவோம், வழக்கைச் சுமப்பது மருத்துவமனை. ஆனால் தீதி சட்டத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. வலியோடு வந்து, இன்னும் மருந்து கையில் வாங்காத ஒருவர் எதிரே நின்று "ஜெபிக்கட்டுமா" என்றால் அவர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? அதனால் சிகிச்சை முடிந்த பிறகு, நோயாளியோ வீட்டாரோ தாங்களே கேட்டால், அவர்களுக்குப் பழகிய ஊழியர் போய் ஜெபிப்பார். மருந்து உறையில் சுவிசேஷக் கைப்பிரதி வைக்கும் வழக்கம் இங்கே கிடையாது.

வாலிபர்களில் ஒருவனுக்கு மனசு ஆறவில்லை. அப்புறம் ஏன் மிஷன் ஆஸ்பத்திரி என்று கேட்டான். டாக்டர் ஐயா சொன்ன பதில் எனக்கு நிறைவாக இருந்தது. ஆண்டவர் குஷ்டரோகிகள் பத்துப் பேரைச் சுத்தமாக்கினார், ஒருவன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான், மற்ற ஒன்பது பேருக்குக் கொடுத்த சுகத்தை அவர் திருப்பி வாங்கவில்லையே தம்பி என்றார்.

ஞாயிறு

காலையில் ஆராதனை, மால்டோ பாட்டு, மேளம். மத்தியானம் டாக்டர் தம்பதி பெட்டியோடு கிளம்பினார்கள். எங்கள் டாக்டர் ஐயா வார்டு முழுக்க அவர்களோடு சுற்றி வந்து ஒவ்வொரு கேஸாகக் கேட்டு எழுதிக்கொண்டார். சமையல் எங்கள் பொறுப்பு என்று முதலிலேயே சொல்லியிருந்தோம். விருந்தாளிக்குப் பொங்கிப் போட்டே களைத்துப்போகிற பணித்தளங்கள் உண்டு. அரிசி, பருப்பு, டீசல், கரண்ட் எல்லாவற்றுக்கும் எங்கள் பங்கைக் கட்டிவிட்டோம்.

திங்கள், வார்டு

குளிர் கடுமை. ராத்திரியெல்லாம் நெருப்பு மூட்டி அதைச் சுற்றித்தான் தூங்குகிறார்கள். அதனால் தீக்காயத்தோடு வரும் பிள்ளைகள் அதிகம். நிமோனியா, காசநோய், ரத்தசோகை, பிரசவம். எல்லாம் நமக்குத் தெரிந்த கேஸ்கள்தான், ஆனால் நாம் பார்ப்பதைவிட ரொம்ப முற்றிய நிலையில் வருகிறார்கள்.

எனக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. ஒன்பது வயதுச் சிறுமி, எடை 18 கிலோ. ஒரு மாதமாகக் காய்ச்சல். மலேரியா மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை. வயிற்றைத் தொட்டால் மண்ணீரல் தொப்புள் வரை இறங்கியிருக்கிறது. காலா அசார். மணல் ஈ கடித்துப் பரவும் கருங்காய்ச்சல். இந்தியாவில் பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில்தான் இது நிலைகொண்டிருக்கிறது. ஜார்கண்டில் தும்கா, கோட்டா, பாக்குர், சாஹிப்கஞ்ச் மாவட்டங்கள். ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற அளவுக்கு இறக்குவது அரசின் இலக்கு. அந்த வேலை பெரும்பாலும் நடந்தும் விட்டது. ஆனால் விட்டால் திரும்பி வரும் நோய்.

எங்கள் பக்கத்தில் இதைப் பார்க்கவே முடியாது. பல வருட சர்வீஸ் உள்ள நான் மாணவி மாதிரி நிற்க, என் மகள் வயதிருக்கும் பஹாரியா நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், ஆர்கே39 என்ற காலா அசார் சோதனை ஸ்ட்ரிப், கரைசல் விட்டுப் பத்து நிமிடம், இரண்டு சிவப்புக் கோடு வந்தால் நோய். மருந்து லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின்-பி. கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரே ஒரு தடவை. இந்தப் பிள்ளைக்கு 180 மில்லிகிராம், ஆக 50 மில்லிகிராம் குப்பி நான்கு. ஒவ்வொன்றிலும் 12 மில்லி ஸ்டெரைல் வாட்டர் விட்டு அரை நிமிடம் நன்றாகக் குலுக்கினால் இளமஞ்சளாகக் கலங்கி வருகிறது. நான்கிலிருந்தும் சேர்த்து 45 மில்லி எடுத்து, சிறு ஃபில்ட்டர் வழியாக டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலுக்குள். நான் பழக்கதோஷத்தில் சலைன் ஸ்டாண்டைப் பார்த்ததும் அவள் கை நீட்டி மறித்தாள். சலைன் பட்டால் மருந்து திரிந்துபோகும். டிரிப் ஓடின நேரமெல்லாம் பிள்ளையின் நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியூரிலிருந்து வந்த நிபுணர் என்று என்னை யாரும் மேடையில் ஏற்றாததற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அவள் கற்றுத்தர, நான் கற்றுக்கொள்ள, வேலை சுத்தமாக நடந்தது.

மருந்து ஒரு நாளில் முடிந்துவிடும். குணமாயிற்றா என்று உறுதியாகச் சொல்ல ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்த ஆறாம் மாதத்தில் நாங்கள் பாளையங்கோட்டையில் இருப்போம். அந்த நர்ஸ் இங்கே இருப்பாள்.

செவ்வாய், மலை மேல்

மருத்துவமனை ஜீப் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட கிராமத்துக்குப் போகும். இடமும் மாறாது, கிழமையும் மாறாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1906இல் குடியாத்தம் வழியில் சாலையோர மருந்தகம் ஆரம்பித்தபோது செய்ததும் இதுதான். வாராவாரம் அதே சாலை, அதே நிறுத்தம். இந்த வாரம் கட்டுப்போட்ட புண்ணை அடுத்த வாரம் அவிழ்த்துப் பார்க்க ஆள் வரும் என்பது ஜனங்களுக்குத் தெரியும்.

இன்று குழந்தை மருத்துவர் அக்காவும் நானும் மருந்தாளுநர் தம்பியும் ஏறிக்கொண்டோம். பாதை முடிகிற இடத்தில் இறங்கி ஒரு மணி நேரம் நடை. மேலே மூங்கிலும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகள், சரிவில் அறுவடை முடிந்த சோளக்காடு, முற்றத்தில் காயும் பர்பட்டி பயறு. ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் பெண்கள் இறங்கி ஏறுகிற சரிவை நான் ஒரு தடவை ஏறியதற்கே மூச்சு வாங்கியது.

இங்கே தலைவி சஹியா. மற்ற மாநிலங்களில் ஆஷா என்கிறார்களே, அந்தக் கிராமச் சுகாதாரப் பணியாளர்தான் ஜார்கண்டில் சஹியா. வீட்டுக்கு வீடு யார் கர்ப்பம், யாருக்கு இருமல், எந்தப் பிள்ளை மெலிகிறது என்பது அவருக்கு மனப்பாடம். அவர் வரிசைப்படுத்திக் கூப்பிட்ட பிறகுதான் நாங்கள் பார்த்தோம். கைச்சுற்றளவு நாடாவில் சிவப்பு காட்டிய ஒரு குழந்தையை, அதாவது பதினொன்றரை சென்டிமீட்டருக்கும் கீழே, அக்கா பார்த்ததும் சத்து மாவு எதுவும் கொடுத்தனுப்பவில்லை. அரசு ஊட்டச்சத்துச் சிகிச்சை மையத்தில் சேர்க்க வேண்டிய குழந்தை. கூட வர சஹியா இருக்கிறார், வண்டியும் இருக்கிறது. பாட்டியைச் சம்மதிக்கவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் பேசியவர் சஹியாதான், நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

ஒரு இளைஞன். முகவாயிலும் தோளிலும் வெளிர்ப் புள்ளிகள். வலி இல்லை, அரிப்பு இல்லை. சந்தைக்குப் போகும் வழியில் சும்மா எட்டிப் பார்த்தவன். கூட வந்த மருத்துவமனை ஊழியர் அவனைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து நூல் மாதிரி ஆக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் தொட்டார். தொட்ட இடத்தை அவன் விரலால் காட்டிக்கொண்டே வந்தான், ஒன்றுகூடத் தவறவில்லை. உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோயை நினைக்க வேண்டும். இவனுக்கு உணர்ச்சி சரியாக இருக்கிறது. சில வருடம் முன்பு காலா அசார் வந்து குணமானவன். அந்தக் கிருமி தோலில் தங்கி இப்படிப் புள்ளியாகக் கிளம்பும். அவனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆனால் அவனைக் கடிக்கிற மணல் ஈ அடுத்த வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகும். பரிசோதனையில் உறுதியானால் மில்டெஃபோசின் மாத்திரை பன்னிரண்டு வாரம். பன்னிரண்டு வாரமும் அவனைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். வெளியூர் முகாமாக இருந்தால் தேமலுக்கு ஒரு களிம்பைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

மருந்தாளுநர் தம்பிக்கு நல்ல வேலை. காகித உறையில் எழுத்து எதுவும் இல்லை. காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை, ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை மாத்திரையோ அத்தனை வட்டம். கொடுக்கும்போது திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். கொடுக்கிற இடத்தில் இன்னும் ஒரு படி மேலே. பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, வீட்டில் லிட்டர் அளவு கிடையாது. காலி தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்து, ஊற்றிலிருந்து எடுத்துக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை நிரப்பி, ஒரு தாயையே கலக்கச் சொல்லி, மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். பாதி பாக்கெட், அரை பாட்டில் என்று யாரும் கணக்குப் பண்ணக் கூடாது என்பதை மூன்று பெண்கள் மாறி மாறிச் சொன்னார்கள். கூடவே ஸிங்க் மாத்திரை, பதினான்கு நாள்.

புதன்

இரவு டூட்டி முடிந்து எழுதுகிறேன், சுருக்கமாக. பிரசவம் இரண்டு, இரண்டும் சுகம்.

காலையில் அடிவாரக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா, மகன் முதுகில் தூக்கிவந்தான். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பி.பி. 210. முடிச்சை அவிழ்த்து ஒரு பிளாஸ்டிக் பையைக் காட்டினார்கள். போன வருடம் எங்கிருந்தோ வந்த ஒரு மருத்துவக் குழு பக்கத்துக் கிராமத்தில் முகாம் போட்டுக் கொடுத்ததாம். உள்ளே அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரை அட்டை ஒன்று, பத்து மாத்திரையும் தின்று தீர்ந்த வெறும் அட்டை. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். சீட்டு இல்லை, பெயர் இல்லை, அடுத்து எங்கே போவது என்று ஒரு வரி இல்லை. மாத்திரை தீர்ந்ததும் நோயும் தீர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். அப்படி இல்லை என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

அந்த அம்மா வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அரசு சுகாதார மையம் இருக்கிறது. அங்கே பி.பி. மாத்திரை இலவசம். ஒரு சீட்டில் அந்த மையத்தின் பெயரை எழுதி, சஹியாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இதை எழுதும்போதும் எனக்கு மனது பதறுகிறது. அன்போடு வந்தவர்கள்தான் அந்தக் குழுவும், சந்தேகமில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு மாதிரி ஆயுசுக்கும் மருந்து வேண்டிய நோயை, அடுத்த மாதம் யார் பார்ப்பார்கள் என்று தெரியாமல் தொடவே கூடாது. தொட்டால், அந்த ஆளின் கையில் நோயாளியை ஒப்படைத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் நேற்றைய அம்மாவைப் பற்றியே பேச்சு. அப்படியானால் முகாமே தப்பா என்று வாலிபர்கள் கேட்டார்கள். ஒரே நாளில் ஐந்நூறு பேரைப் பார்க்கலாமே?

டாக்டர் ஐயா ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். மூன்று டாக்டர், ஆறு மணி நேரம், ஐந்நூறு நோயாளி. ஒருவருக்கு இரண்டு நிமிடம் சொச்சம். மொழிபெயர்ப்புக்கே ஒரு நிமிடம் போய்விடும். ஒரு மாத இருமலையும் மூன்று நாள் இருமலையும் பிரித்துப் பார்க்க அதில் நேரம் எங்கே? காசநோய்க்காரருக்கு இருமல் டானிக் கொடுத்தனுப்பினால், அவர் மருத்துவம் பார்த்தாயிற்று என்று இன்னும் மூன்று மாதம் வீட்டிலேயே இருப்பார். எண்ணிக்கைக்கு ஓடினால் எங்கே போய் முடியும் என்பதற்கு 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் நடந்ததைச் சொன்னார். அது அரசு கருத்தடை முகாம். ஒரே நாளில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேஷன். பத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது.

இருந்தாலும் முகாம் என்றாலே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுக்கலாம், நாற்பது தாண்டியவர்களுக்கு ஊசியில் நூல் கோக்க வந்தால் அதுவே பெரிய சந்தோஷம். கண்புரை யாருக்கு இருக்கிறது என்று பார்த்து ஆபரேஷன் தியேட்டர் இருக்கும் இடத்துக்கு அனுப்பலாம். காய்ச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் போனவர்களைத் தேடிப்பிடித்து ஆர்கே39 செய்யலாம். கண்ணாடி அங்கேயே முடிகிற வேலை, மற்ற இரண்டிலும் கண்டுபிடித்தவரை அனுப்ப ஒரு இடம் இருக்கிறது. அந்த இடம் எது என்று முதலில் கேட்டுவிட்டு, அதன் பிறகு பேனர் அடிக்கக் கொடுக்கலாம்.

ஊசி விஷயம் ஒன்று. இங்கே வருகிறவர்கள் பாதிப் பேர் சூய் போடுங்கள், பாட்டில் ஏற்றுங்கள் என்கிறார்கள். சந்தையில் பையைத் தூக்கிக்கொண்டு வைத்தியம் பார்க்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பழக்கிவிட்டார்கள். வந்த குழு நல்ல பெயர் வாங்க நினைத்து ஒரு பி-காம்ப்ளெக்ஸ் போட்டால்கூட, இங்குள்ள நர்ஸ்கள் வருடக்கணக்காகச் சொல்லிவந்த பேச்சு வீணாகிவிடும். நாங்கள் போடவில்லை. முகம் சுளித்துப் போனவர்களும் உண்டு, பரவாயில்லை.

சிறுமிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. இன்று ரொட்டி கேட்டு அழுதாள்.

வெள்ளி

ஒப்படைப்பு நாள். டாக்டர் தம்பதி நேற்று இரவே திரும்பிவிட்டார்கள். அந்த டாக்டரம்மா முகத்தில் தெளிவு. அம்மா கையால் சாப்பிட்டு, பிள்ளைகளோடு தூங்கி எழுந்தேன் என்றார். இந்த மாதிரி இடங்களில் டாக்டர்கள் நிலைக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் மருந்துக் குறைவோ சம்பளக் குறைவோ மட்டும் இல்லை, மாற்றிவிட ஆள் இல்லாத களைப்பு. எங்கள் குழு செய்த வேலைகளில் அவர்களுடைய விடுப்புக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

நாங்கள் பார்த்த நோயாளிகள் எல்லாரும் மருத்துவமனையின் சொந்த ரிஜிஸ்டரில்தான் இருக்கிறார்கள். தனி நோட்டு வைத்துக்கொள்ளவில்லை. அடுத்து வர வேண்டிய தேதியை இந்தியில் எழுதி, எந்த சஹியா கூட்டிவர வேண்டும் என்பதையும் குறித்திருக்கிறோம். பக்கவாதம் வந்த அம்மாவின் பெயர் சுகாதார மையத்து ரத்த அழுத்தப் பதிவில் ஏறிவிட்டது. புள்ளி இளைஞன் செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். வரவில்லை என்றால் ஜீப் போகும். காசநோய் என்று உறுதியானவர்கள் நிக்ஷய் என்ற அரசு காசநோய்ப் பதிவில் சேர்ந்துவிட்டார்கள். சத்துணவுக்கு அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000. வங்கிக் கணக்கு இல்லாத இருவருக்குக் கணக்குத் திறக்க உதவியது எங்கள் வாலிபர்கள். ஃபோட்டோகாப்பி, ஆதார், கியூ என்று இரண்டு நாள் அலைந்தார்கள். இந்த வேலைக்கு டாக்டர் பட்டம் வேண்டாம், செய்ய ஆள்தான் வேண்டும்.

பணத்தைப் பற்றியும் பேசினோம். எங்கள் எல்லாருடைய ரயில் செலவையும் கூட்டினால் கணிசமான தொகை. அதே அளவுக்காவது இங்கே நிலைத்து நிற்கும் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று குழுவில் முடிவு செய்தோம். மலையிலிருந்து ஒரு பெண் ஏ.என்.எம். என்ற துணை நர்ஸ் படிப்பு படிக்க ஆசைப்படுகிறாள். தேர்வு செய்வதும் கட்டணம் கட்டுவதும் மருத்துவமனை மூலமாகத்தான். நாங்கள் நேராக அவள் வீட்டுக்குப் பணம் அனுப்ப மாட்டோம். எங்கள் பெயர் அவளுக்குத் தெரியவும் வேண்டாம்.

தீதியிடம் எங்களைப் பற்றி மனம் திறந்து சொல்லுங்கள் என்று கேட்டோம். யோசித்துத்தான் சொன்னார். ஓ.பி.யில் உங்கள் டாக்டர்கள் எழுதும் மருந்துகளில் சில நம் மருந்தகப் பட்டியலில் இல்லை, அடுத்து வருகிறவர்களுக்குப் பட்டியலை முன்பே அனுப்பிவிடுகிறோம், படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். இரவில் சிரித்துப் பேசுகிற சத்தம் வார்டுக்குக் கேட்கிறது. மற்றபடி சந்தோஷம், ஆனால் வேறு வேறு ஆட்கள் வருவதைவிட இதே ஆட்கள் திரும்பி வந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

அடுத்த தேவையையும் கையோடு வாங்கி வந்திருக்கிறேன். பொது மருத்துவர்கள் இப்போதைக்கு வேண்டாமாம். ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் இரண்டும், சக்ஷன் மெஷினும், குழந்தை வார்மரும் ரிப்பேராகி மூலையில் கிடக்கின்றன. மெக்கானிக் வர வேண்டுமென்றால் கொல்கத்தாவிலிருந்துதான். பயோமெடிக்கல் டெக்னீஷியன் ஒருவர் இரண்டு வாரம் வந்து பழுதுபார்த்து, இங்குள்ள எலக்ட்ரீஷியன் பையனுக்கும் சொல்லிக்கொடுத்தால் நல்லது. மழைக்கு முன்னால், மார்ச்சில். லேப் டெக்னீஷியன் ஒருவரும் அதே நேரத்தில் தேவை. போக முடிந்தவர்கள் பதிவுச் சான்றிதழ் நகலோடு சேகர அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். மெஷின்களின் மாடல் எண்களை எழுதி வைத்திருக்கிறேன், எந்தெந்த ஸ்பேர் வாங்கிப் போக வேண்டும் என்று இப்போதே பார்க்கலாம்.